பள்ளிக்கு முந்தின பள்ளி

(வளையமாதேவியில் கூடிய நமது சங்கத்துக் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் மிகுந்த மதிப்பெண் பெறும் பிள்ளைகளுக்கு நமது சங்கம் பரிசளித்து மகிழ்கிறது. அது தக்கதே. ஆயினும் மூன்று வயதுக் குழந்தையைக் குறித்து நமது கூட்டங்களில் எவரும் வாய் திறந்ததாக நமக்கு நினைவில்லை. களத்துமேட்டில் நின்று நெல்லை அளக்கிறோம். நாற்றங்காலை எட்டிப் பார்ப்பதில்லை. ஆகையால் இன்று நாற்றங்காலைப் பற்றியே பேசத் துணிந்தோம்.

இவ்வூரில் இப்பேச்சுக்குத் தனியான அவசியமும் உண்டு. 2023ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், சுரங்கத்தின் பொருட்டுப் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டுவதற்காக, வளையமாதேவியில் பயிர் நின்ற வயல்களில் இயந்திரங்கள் இறங்கியதை நாடே அறியும். அதன் நியாய அநியாயங்களை இங்கு ஆராயப் புகவில்லை. பிள்ளை படிக்காவிட்டாலும் ஏர் பிடித்துப் பிழைத்துக்கொள்வான் என்று நம் முன்னோர் ஆறுதல் கொண்டிருந்தனர். நிலம் போன வீட்டுக்கு அவ்வாறுதல் இல்லை. அவ்வீட்டுப் பிள்ளைக்குக் கல்வியே காணி.

அக்கல்வி ஒன்றாம் வகுப்பில் தொடங்குவதாக எண்ணுகிறோம். உடல்நூலார் கூறுவது வேறு. ஆறு வயதுக்குள் குழந்தையின் மூளை, வளர்ந்தவர் மூளையின் பருமனில் ஏறக்குறைய 90 விழுக்காட்டை எட்டிவிடுகிறது. பேச்சைக் கேட்டுப் பதில் கூறுதல், தன் முறை வரும்வரை காத்திருத்தல், கையை அடக்கி ஆளுதல் ஆகிய பழக்கங்களெல்லாம் அக்காலத்திலேயே வேர் கொள்ளுகின்றன.

ஓர் உதாரணம் காட்டுவோம். நாலு வயதுக் குழந்தை ஒன்று முதல் ஐம்பது வரை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறது. வந்த விருந்தினர் மெச்சுகின்றனர். அக்குழந்தையின் முன் புளியங்கொட்டைகளைக் குவித்து, "ஏழு எடுத்துக் கொடு" என்று கேட்டுப் பாருங்கள். பல குழந்தைகள் திகைத்துக் கை நிறைய அள்ளிக் கொடுத்துவிடும். ஒப்பித்தது ஓசை; எண்ணுதல் வேறு. ஒரு கொட்டைக்கு ஓர் எண்ணென்று தொட்டுத் தொட்டு வைக்கும்போதே கணிதம் பிறக்கிறது. பல்லாங்குழியில் முத்துப் போடுகிற குழந்தை அதைத்தான் செய்கிறது. எழுத்தும் அத்தகையதே. மண் பிசைந்து, மணி கோத்து, விரல் உறுதிப்படு முன் பென்சிலைத் திணித்தால் எழுத்தின் மேல் வெறுப்பே மிஞ்சும். 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்த மரியா மாண்டிசோரி அம்மையார், சொரசொரப்பான எழுத்து வடிவங்களை விரலால் தடவச் செய்த பின்னரே எழுதச் செய்தார். நம் திண்ணைப் பள்ளி ஆசான் மணலில் விரல் பிடித்து எழுதுவித்ததும் ஏறக்குறைய இதுவே. வாசலில் வண்டி வந்து நிற்பதே கௌரவமென்று மூன்று வயதுக் குழந்தைக்குக் கழுத்துப் பட்டை கட்டி, வீட்டுப்பாடமும் சுமத்துவோர் இதனைச் சிறிது யோசிக்க வேண்டும்.

பாலர் கல்வியின் பலன் எவ்வளவு காலம் நிற்கும் என்று கேட்கலாம். அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்து இப்சிலாண்டி நகரில் 1962இல் ஒரு சோதனை தொடங்கினர். ஏழைக் கறுப்பினக் குடும்பங்களின் 123 குழந்தைகளில் 58 பேருக்கு மட்டும் பாலர் வகுப்பு நடத்தினர். வாரந்தோறும் ஆசிரியை வீட்டுக்கும் சென்று தாயுடன் அளவளாவினார். அறிவுச் சோதனையில் அவர்கள் முதலில் முந்தினர். சில ஆண்டுகளில் அம்மேன்மை மறைந்தது. வீண் செலவென்றே பலர் முடிவு கட்டியிருப்பர். ஆனால் 40 வயது வரை தொடர்ந்து விசாரித்ததில், உயர்நிலைப் பள்ளியை முடித்தவர் அவர்களுள் 77 விழுக்காடு, மற்றவருள் 60 விழுக்காடு என்று கண்டனர். வருவாயிலும் அவர்கள் மேம்பட்டிருந்தனர், சிறைப்பட்டோரும் குறைவு. குழந்தைகளின் தொகை சிறிதுதான்; எனினும் எளிதில் தள்ளத்தக்க சான்றன்று.

நம் தேசத்தில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி தொடங்கிற்று. தமிழ்நாட்டில் 54,000க்கு மேற்பட்ட அங்கன்வாடிகள் உள்ளன. நாம் பால்வாடி என்றே அழைக்கிறோம். அதனைச் சோறு போடும் இடம் என்று மட்டும் நினைப்பது பெரும் பிழை. அங்கே எடை பார்க்கின்றனர். தடுப்பூசிக்கு வழி செய்கின்றனர். ஆட்டமும் பாட்டும் கதையுமாகக் கற்பிக்கின்றனர். பசித்த குழந்தை கதை கேளாதாகையால் சோறும் கல்வியின் பகுதியே. கட்டாயக் கல்வி உரிமையை 2009ஆம் ஆண்டுச் சட்டம் 6 முதல் 14 வயது வரைக்கே தந்திருக்கிறது. அதற்குக் கீழ்ப்பட்ட குழந்தையின் பொருட்டு வற்புறுத்திக் கேட்க வேண்டியவர் நாமே.

இனிக் கூறுவது சிலருக்குக் கசக்கும். எல்லாத் தெருக் குழந்தைகளும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணும் இடம் என்பதற்காகவே பால்வாடியை ஒதுக்குவோர் நம்மிலும் இருக்கலாம். குலத்தின் பெயரால் கூடிய சங்கத்தில் நின்றே இதனைச் சொல்லுகிறோம்: அவ்வரிசையில் அமராத குழந்தை பெறும் மேன்மை ஒன்றுமில்லை. அது இழப்பது அண்டை வீட்டுத் தோழனையும், நாலு பேரோடு பகிர்ந்துண்ணும் பழக்கத்தையுமே.

நாம் கேட்பவை சிறியன. பரிசு நிதியில் ஒரு பங்கை ஊர்ப் பால்வாடியின் பாய்கள், படப் புத்தகங்கள், களிமண், மரக்கட்டைகளுக்கென ஒதுக்க வேண்டும். அப்பொருள்கள் எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவாக இருத்தல் வேண்டும். கதை தெரிந்த பாட்டிமார், அங்குள்ள பணியாளரின் இசைவு பெற்று, வாரம் ஒருநாள் சென்று கதை சொல்லலாம். நிலமும் மனையும் விட்டு வேறிடம் குடியேறும் குடும்பங்களின் பொருட்டு, புதுக் குடியிருப்பில் பால்வாடி எங்கே, எப்போது திறக்கும் என்று சங்கம் எழுத்து மூலம் அதிகாரிகளைக் கேட்க வேண்டும். தொகையைச் செயற்குழு நிர்ணயிக்கட்டும். அடுத்த கூட்டத்தில் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவரத் தலைவர் அவர்களின் அனுமதியைக் கோருகிறோம்.