பழவேற்காட்டில் ஒரு புதிர் வேட்டை

இன்றைய பேச்சு காட்டூர், தத்தமஞ்சி, பொன்னேரிப் பக்கத்து விஷயம்.

ஜியோகேச்சிங் என்று ஒரு விளையாட்டு. ஜி.பி.எஸ். சிக்னலைப் பொதுமக்கள் துல்லியமாகப் பயன்படுத்த முடியாதபடி அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே ஒரு பிசகைக் கலந்து வைத்திருந்தது. 2000 மே 2-ஆம் தேதி அதை எடுத்துவிட்டார்கள். மறுநாளே ஓரிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பவர், காட்டோரமாக ஒரு வாளியில் சில சாமான்களையும் ஒரு நோட்டையும் வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் அறிவித்தார். தேடிப் போகிறவர் கண்டுபிடித்தால் நோட்டில் பெயர் எழுதிவிட்டு வரவேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். இன்று உலகமெங்கும் இப்படி லட்சக்கணக்கான டப்பாக்கள் ஒளிந்திருக்கின்றன.

இதில் புதிர் வகை என்று ஒன்று உண்டு. அறிவிக்கிற இடத்தில் டப்பா இருக்காது. புதிரை அவிழ்த்தால்தான் சரியான எண்கள் கிடைக்கும். பழைய ஊர்களில் அந்த எண்களைக் கல்வெட்டிலும் கல்லறையிலும் கோயில் சுவரிலும் தேடிப் படிக்க வைப்பார்கள். அப்படி ஒரு வேட்டைக்கு நம் பக்கத்தில் எந்த ஊர் தோது என்று கேட்டால், பழவேற்காடு என்றுதான் சொல்வேன்.

டச்சுக்காரர்கள் அங்கே 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டி முடித்தார்கள். 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் அதுதான். இன்று கோட்டை இருந்த இடத்தில் மேடும் முட்புதரும்தான் மிச்சம். ஆனால் கல்லறைத் தோட்டம் நிற்கிறது. வாசலில் காவலுக்கு நிற்பதுபோல் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். வாசலில் பொறித்த ஆண்டு 1656. அதிலிருந்து கோட்டையின் ஆண்டைக் கழியுங்கள், 43 வரும். புதிருக்கு முதல் எண் கிடைத்துவிட்டது. உள்ளே ஒரு கல்லறைப் பலகையில் அந்தக் கோட்டையின் உருவமே செதுக்கியிருக்கிறது. வெளியே இடிந்து மறைந்த கோட்டையை உள்ளே ஒரு கல்லறையின் மேல் பார்க்கலாம் என்றால், புதிர் போடுகிறவனுக்கு அதைவிட என்ன வேண்டும்?

அடுத்து, அங்கேயே கோட்டைக்குப்பம் பெரிய பள்ளிவாசலில் இருக்கும் சூரியக் கடிகாரம். அதன் நேரம் உங்கள் செல்போன் நேரத்தோடு ஒத்துப்போகாது. இந்திய நேரம் 82½ டிகிரி தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடுவது. பழவேற்காடு ஏறக்குறைய 80 டிகிரி 19 நிமிடத்தில், அதற்கு மேற்கே இருக்கிறது. ஒரு டிகிரிக்கு நான்கு நிமிட நேரம் என்று போட்டால் சுமார் ஒன்பது நிமிடம் பின்தங்கும். அதோடு முடியவில்லை. பூமியின் ஓட்டம் ஒரே சீராக இல்லாததாலும் அதன் அச்சு சாய்ந்திருப்பதாலும் இந்த வித்தியாசம் மாதத்துக்கு மாதம் மாறும். பிப்ரவரி நடுவில் அங்கே வெயில் உச்சிக்கு வரும்போது நம் கடிகாரத்தில் சுமார் 12 மணி 23 நிமிடம். நவம்பர் தொடக்கத்தில் 12 அடிக்கும் முன்பே உச்சிவேளை கடந்துவிடும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குத் தீர்க்கரேகைப் பாடம் நடத்த இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

கணக்கில் கவனம் வேண்டும். அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது 1.85 கிலோமீட்டர். நிமிடத்தில் தசமப் புள்ளிக்கு அடுத்த இலக்கம் ஒன்று பிசகினால் 185 மீட்டர் தள்ளிப் போய்விடுவீர்கள். தீர்க்கரேகையிலும் ஏறத்தாழ இதே கதைதான். பழவேற்காட்டில் அந்தத் தூரம் உங்களை ஏரிக்குள் இறக்கிவிடலாம். இந்த நுட்பம் அங்குள்ள மீனவர்களுக்குப் புதிதல்ல. ஏரியில் யார் எந்த மீன்பிடி இடத்தில் எந்த நாளில் வலை போடுவது என்பதை முறைவைத்துப் பிரித்துக்கொண்டவர்கள் அவர்கள். கோடு போடாத தண்ணீரிலும் அவர்களுக்கு எல்லை தெரியும்.

ஆனால் டப்பாவை எங்கே வைப்பது? கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, அங்கே கூடாது. ஏரி, பறவைகள் சரணாலயம். பூநாரைகள் மேயும் சேற்றில் ஆள் இறங்குவதும் கூடாது. கேட்பாரற்றுக் கிடக்கும் பெட்டியைக் கண்டால் நம் ஊரில் போலீசுக்குப் போன் போகும், அதுவும் நியாயம்தான். அதனால்தான் புதிர் வகை இங்கே பொருந்தும் என்கிறேன். நினைவுச் சின்னங்களில் படிக்க மட்டும் செய்யலாம். டப்பா, சம்மதிக்கிற ஒரு டீக்கடையிலோ பள்ளிக்கூட அலமாரியிலோ இருக்கட்டும்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். இந்த வேட்டை கல்லில் எழுதியதை மட்டுமே காட்டும். பழவேற்காட்டிலிருந்து டச்சுக் கப்பல்களில் துணி மட்டும் போகவில்லை. அடிமைகளாக விற்கப்பட்ட மனிதர்களும் டச்சுக்காரர்களின் பத்தாவியா நகருக்குப் போனார்கள். அதிகாரிகளுக்குக் குலச்சின்னம் பொறித்த கல்லறை இருக்கிறது. அந்த மனிதர்களுக்கு ஒரு செங்கல்கூட இல்லை. புதிர் எழுதுகிறவர் அவர்களுக்கென்று ஒரு கேள்வியாவது வைக்கவேண்டும். இல்லாவிட்டால் அது டச்சுக்காரர் புகழ்பாடும் சுற்றுலாவாக முடிந்துவிடும்.

காட்டூர், பொன்னேரி வட்டாரத்து ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெளியூர்க்காரர் வந்து புதிர் போடும்வரை காத்திருக்காதீர்கள். பிள்ளைகளையே போடச் சொல்லுங்கள். பள்ளிவாசலுக்குப் போகும்போது வெள்ளிக்கிழமை மதியத்தைத் தவிர்த்து, முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். கல்லறைப் பலகையில் எழுத்து தெரியவில்லை என்று சாக்பீஸ் தேய்க்க வேண்டாம். காலை வெயில் சாய்வாக விழும்போது போனால் எழுத்து தானாகத் தெரியும்.