பதினெட்டு வயதுச் சம்பந்தம்



பம்மல் சம்பந்த முதலியார் என்றதும் ‘தமிழ் நாடகத் தந்தை’ என்று தொடங்கிவிடுகிறோம். தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்கள், நீதிபதிப் பதவி, 1959இல் பத்மபூஷண் என்று வரிசையாகச் சொல்லி மாலையும் போட்டுவிடுகிறோம். அந்த மாலைக்கு அடியில் ஒரு பையன் காணாமல் போகிறான். இன்று நான் தேடி வந்திருப்பது 1891இல் பதினெட்டு வயதில் இருந்த அந்தக் கல்லூரிப் பையனை.

அவனுக்குத் தமிழ் நாடகம் பிடிக்காது. இதை ஒளிக்காமல் ‘நாடக மேடை நினைவுக’ளில் அவரே எழுதியிருக்கிறார். விடிய விடியப் பாட்டு, இடையிடையே பபூன், பெரிய மனிதர்கள் வீட்டில் ‘கூத்தாடி’ என்ற ஏச்சு. ஆங்கில நாடகம் படித்த பிள்ளைக்கு அதெல்லாம் கசந்தது. அந்த ஆண்டு பல்லாரி கிருஷ்ணமாச்சார்லுவின் சரச விநோதினி சபையார் சென்னைக்கு வந்து, விக்டோரியா பப்ளிக் ஹாலில் தெலுங்கு நாடகம் போட்டார்கள். அதைப் பார்த்த பிறகுதான் மனம் மாறியது. கிருஷ்ணமாச்சார்லு வக்கீல். வக்கீல் அரிதாரம் பூசலாம் என்றால் நாம் பூசினால் என்ன? கலைத் தாகத்தைவிட இந்தத் துணிச்சல்தான் முதலில் வந்தது என்று நினைக்கிறேன். 1891 ஜூலை முதல் நாள் நண்பர்கள் சிலர் சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கினார்கள்.

சபை இருக்கிறது, நாடகம் இல்லை. யாராவது எழுத வேண்டும். அப்படிப் பிறந்ததுதான் ‘புஷ்பவல்லி’. புலமை முற்றி எழுத வந்தவர் அல்ல இவர். ஒத்திகைக்குக் கையில் தாள் வேண்டும், அதனால் எழுதினார். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் மாணவர்கள், பின்னால் வக்கீலாகவும் உத்தியோகஸ்தராகவும் போகப்போகிறவர்கள். ராஜபார்ட்டுக்காரரைப் போலக் கட்டை ஏற்றிப் பாடுகிற தொண்டை அவர்களில் எத்தனை பேருக்கு இருந்திருக்கும்? பேசத் தெரியும், மனப்பாடம் செய்யத் தெரியும். அவருடைய நாடகங்களில் பாட்டு ஒதுங்கி வசனம் முன்னால் வந்ததற்கு ஆங்கிலப் படிப்பைத்தான் எல்லாரும் காரணம் காட்டுகிறார்கள். பாதிக் காரணம் கூட இருந்த ஆட்கள் என்பது என் துணிபு. ஆளைப் பார்த்துத் துணி வெட்டும் தையற்காரர் அவர்.

1895இல் வந்த ‘மனோகர’னைப் பாருங்கள். இளவரசனைச் சங்கிலியால் கட்டிக் கொண்டுவருகிறார்கள், தாயின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு அவன் பொறுத்து நிற்கிறான், பிறகு அறுக்கிறான். கட்டுண்டு நிற்கும்போது கை அசையாது, கால் அசையாது. நடிகனுக்கு மிச்சம் இருப்பது குரலும் மூச்சும்தான். அந்த வேடத்தை மேடையில் கட்டியவர் எழுதியவரேதான். அடக்கி வைத்த மூச்சு எந்தச் சொல்லில் வெடிக்க வேண்டும் என்பது, தானே நின்று பேசுகிறவனுக்குத்தானே தெரியும்? மனோகரனின் மனைவி விஜயாளாக வந்த ரங்கவடிவேலுவும் வக்கீல்தான்; ஸ்திரீபார்ட் என்றால் சபையில் அவர்தான். இந்த ஜோடிக்காகவே சபாவுக்கு வந்தவர்கள் உண்டு.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். அவர் கசந்து ஒதுக்கிய அந்த மரபில்தான், அதே காலத்தில், சங்கரதாஸ் சுவாமிகள் இருந்தார். பாட்டாலேயே பாத்திரத்தின் மனத்தைத் திறந்து காட்டத் தெரிந்த மனிதர். இளமையில் இந்தப் பையன் அந்தப் பக்கம் காது கொடுத்திருந்தால் அவனுடைய வசனத்துக்கு இன்னும் கொஞ்சம் மண்வாசனை ஏறியிருக்கும். ஆனால் காது கொடுத்திருந்தால் சபையே தொடங்கியிருப்பானோ, என்னவோ!

வேடிக்கை என்னவென்றால், பிழைப்புக்காக நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனிகளும் பிற்பாடு ‘மனோகர’னைக் கேட்டு வாங்கி ஆடின. டி.கே.எஸ். சகோதரர்கள் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். பொழுதுபோக்குச் சபைக்காரர்களின் தொண்டைக்கு அளவெடுத்த சட்டை அது. பாடிப் பழகிய பிள்ளைகள் அதைப் போட்டுக்கொண்டு, சங்கிலியை அறுத்தார்கள்.