பந்து உதைப்பவனும் தொழிலாளிதான்

(பதுளையில் தோட்ட இளைஞர்கள் மத்தியில் ஆற்றிய உரை)



ஞாயிற்றுக்கிழமையானால் பசறை முதல் ஹப்புத்தளை வரை நம் பிள்ளைகள் பந்தும் கையுமாக மைதானத்தில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்காக இன்று ஒரு வீரரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் விகாஷ் தோராசூ. பிரான்சு அணியின் நடுக்கள ஆட்டக்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். பெற்றோர் மொரீசியஸ்காரர்கள், தெலுங்கு வம்சாவளியினர்.

மொரீசியஸ் கதை நமக்குப் புதிதல்ல. நம் பாட்டன் பூட்டனைக் கோப்பிக்கும் தேயிலைக்கும் இந்த மலைக்குக் கொண்டுவந்த அதே வெள்ளைக்கார ஆட்சிதான், 1834 முதல் இந்தியர்களை ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றியது.

தோராசூ 1973இல் பிரான்சில் பிறந்தார். லு ஹாவ்ர் கழகத்தில் தொடங்கி, லியோன் கழகத்தோடு 2003லும் 2004லும் பிரெஞ்சு லீக் சாம்பியன் பட்டத்தை வென்றார். பிறகு இத்தாலியின் ஏ.சி. மிலான். அடுத்து பாரிஸ் சாங் ஜெர்மாங். 2006 பிரெஞ்சுக் கிண்ண இறுதியாட்டத்தில் மார்செய் அணிக்கு எதிராகத் தூரத்திலிருந்து அவர் அடித்த கோல் பாரிசுக்கு 2-1 வெற்றியைத் தந்தது. நாட்டுக்காக 18 ஆட்டங்கள் ஆடினார். 2006 உலகக் கிண்ணத்தில் இரண்டு ஆட்டங்களில் மாற்று வீரராக இறங்கினார்.

அதே ஆண்டு ஒக்டோபரில் கழகம் அவரை வேலையிலிருந்து நீக்கியது. பயிற்சியாளரைப் பற்றிப் பத்திரிகைகளிடம் வெளிப்படையாகக் குறை சொல்லியிருந்தார். 1973இல் வீரர்களுக்கான தொழில் சாசனம் வந்த பிறகு பிரான்சில் ஒரு வீரர் இப்படி நீக்கப்பட்டது அதுவே முதல் தடவை என்று பத்திரிகைகள் எழுதின. 2008இல் அவர் ஆட்டத்தை விட்டார். 2020இல் பாரிஸ் மாநகரசபைத் தேர்தலில் இடதுசாரிப் பட்டியலில் நின்றார்.

அந்தச் சாசனம் சும்மா வந்ததல்ல. ஒரு காலத்தில் பிரெஞ்சு வீரன் 35 வயதுவரை ஒரே கழகத்துக்குக் கட்டுப்பட்டவன். கழகம் விட்டால்தான் போகலாம். நம் முன்னோரைக் கடன் கணக்கால் தோட்டத்தோடு கட்டிவைத்த 'துண்டு' முறை ஞாபகம் வருகிறதல்லவா? இங்கே துண்டு 1921இல் ஒழிந்தது. அங்கே வீரர்கள் 1961இல் சங்கம் அமைத்தார்கள். 1969இல் அந்தக் கட்டு அறுந்தது.

உலகக் கிண்ணம் ஆடியவருக்கே ஒரு கடிதத்தில் வேலை போகுமென்றால், கொழுந்து பறிக்கும் நமக்கு எவ்வளவு கவனம் வேண்டும்? மூன்று விஷயம் சொல்கிறேன்.

ஒன்று: தோட்ட நிர்வாகம் தரும் எந்தக் கடிதத்தையும் வாசித்து விளங்காமல் கையொப்பமிடாதீர்கள். பிரதியை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

இரண்டு: 'நாளையிலிருந்து பிரட்டுக்கு வராதே' என்று வாயால் சொன்னாலும், பேர் போடாமல் விட்டாலும், அன்றைக்கே தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள். திகதியை எழுதிவையுங்கள்.

மூன்று: வேலைநீக்கம் நியாயமில்லை என்றால் தொழில் நியாய சபைக்கு மனுப் போடலாம். ஆனால் நீக்கிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போடவேண்டும். 'துரை மனம் மாறுவார்' என்று காத்திருந்தால் அந்த ஆறு மாதம் ஓடிப்போகும்.

தம்பிமாரே, குறை இருந்தால் வாயை மூடிக்கொண்டிருங்கள் என்று நான் சொல்லவில்லை. பேசுங்கள். தனியாளாகப் பேசாமல் சங்கமாகப் பேசுங்கள். நடுக்கள ஆட்டக்காரனின் வேலையும் அதுதானே? பின்னால் இருப்பவனிடம் பந்தை வாங்கி முன்னால் இருப்பவனுக்குக் கொடுப்பவன் அவன். பதினொரு பேரும் சேர்ந்தால்தான் கோல்.