பெட்டியில் உறங்கும் அட்டை
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



தடுப்பூசி எத்தனை குழந்தைகளை முழுமையாகச் சென்றடைந்துள்ளது என்பதை அறிய, தேசியக் குடும்பநல ஆய்வினர் 12 முதல் 23 மாதம் வரையுள்ள குழந்தைகளைக் கணக்கெடுக்கின்றனர். காசநோய்த் தடுப்பூசி, மும்முறை இளம்பிள்ளைவாதச் சொட்டு மருந்து, தொண்டை அடைப்பான், கக்குவான், இரணஜன்னி ஆகியவற்றிற்கு மும்முறை ஊசி, தட்டம்மை ஊசி ஆகியவை ஓராண்டு நிறையுமுன் முடிந்திருத்தல் வேண்டுமன்றோ?

1992-93இல் நூற்றுக்கு 35 குழந்தைகளே இவை அனைத்தும் பெற்றிருந்தனர்; 2019-21இல் 76 பேர். மகிழ்ச்சியே! எனினும், எஞ்சிய 24 பேரும் நம் நாட்டுக் குழந்தைகள் அல்லரோ?

ஆய்வாளர் முதலிற் கேட்பது தடுப்பூசி அட்டையை. அஃது இல்லையேல் தாயின் நினைவையே நம்புகின்றனர். தோளில் தழும்பு விட்ட ஊசி நினைவிருக்கும். சொட்டு மருந்து இருமுறையா, மும்முறையா என்பது மறந்துபோதல் இயல்பே.

நம் பெண்கள் பலர் பேறுகாலத்திற்குத் தாய்வீடு செல்கின்றனர். முதல் ஊசிகள் அங்கே போடப்படுகின்றன. பின்னர்க் குழந்தை இங்கு வருகிறது. அட்டையோ பாட்டியின் பெட்டியிலேயே தங்கிவிடுகிறது! கணக்குப் பிழைபடுவது சிறிது. ஒன்பதாம் மாதத்துத் தட்டம்மை ஊசி இரண்டு ஊர்களுக்கும் இடையே விடுபட்டுப் போவதன்றோ பெரிது?

ஆகவே, ரயிலேறுமுன் குழந்தையின் அட்டையையும் மறவாமல் எடுத்து வாருங்கள். இன்றிரவு வீடு திரும்பியதும் அதனைத் தேடிப் பாருங்கள். விடுபட்டது உண்டெனில், அருகிலுள்ள நல நிலையத்தை நாளையே நாடுவோம். நம் சங்கத்துக் குழந்தைகளுள் ஒன்றேனும் அந்த 24இல் சேராதிருக்கட்டும்.