சாம்பலுக்குள் ஓர் இரவு



மண்பானை வாங்கும்போது விரலால் சுண்டிப் பார்ப்போம். கணீரென்றால் நல்ல பானை. சத்தம் மங்கினால் எங்கோ கீறல். கோவை ஆவாரம்பாளையத்தில் ஒரு சிறிய பட்டறையில், பழைய அம்பாசடர் காரின் என்ஜின் பிளாக்கை ஒரு பெரியவர் அப்படித்தான் சோதித்துக்கொண்டிருந்தார். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தவர், டைனமோ பிராக்கெட் உட்காரும் இடத்தில் நின்றுவிட்டார். அங்கே சத்தம் செத்திருந்தது. போல்ட் இறங்கும் காதில் பாதி பெயர்ந்து போயிருந்தது. மீதியில் மயிரிழை போல் ஒரு விரிசல். பெயர்ந்த துண்டைக் கார்க்காரர் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்திருந்தார். நல்ல வேளை.

அந்த 1489 சி.சி. என்ஜின், இங்கிலாந்தின் பி.எம்.சி. நிறுவனம் வடிவமைத்தது. போல்ட்டெல்லாம் அங்குலக் கணக்கு. பட்டறையில் ‘இரண்டரை நூல்’ என்பார்களே, அது 5/16 அங்குலம், 7.94 மில்லிமீட்டர். இன்று கடையில் கேட்டதும் கிடைப்பது 8 மில்லிமீட்டர் போல்ட். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் இரண்டரை நூல் நெருக்க மரை போல்ட்டில் அங்குலத்துக்கு 24 மரை. எட்டு மில்லியில் ஏறத்தாழ 20. மாற்றிப் போட்டால் ஒன்றிரண்டு சுற்று இறங்கும், பிறகு பிடிக்கும். சரியாகத்தான் இறுகுகிறது என்று நினைத்து ஸ்பேனரில் குழாயை மாட்டி முறுக்கியிருக்கிறார்கள். மரையும் போயிற்று, காதும் போயிற்று.

‘உடைந்ததை வெல்டிங் வைத்தால் போயிற்று’ என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். வார்ப்பிரும்பு அப்படி இணங்கிவருகிற இரும்பு இல்லை. அதில் 2.5 முதல் 4 சதவீதம் வரை கரி கலந்திருக்கிறது. அந்தக் கரி மெல்லிய இதழ் இதழாக உள்ளே படிந்திருக்கும். அமுக்கினால் மலைபோல் தாங்கும். இழுத்தால் அந்த இதழ் வழியே விரியும். ஓரிடத்தை மட்டும் சுடவைத்தால் அந்த இடம் விரிகிறது. ஆறும்போது சுருங்கி, பக்கத்து இரும்பை இழுக்கிறது. வெல்டிங் முடித்து டீ குடிக்கப் போயிருப்போம். பின்னால் ‘டிங்’கென்று ஒரு சத்தம். ஒட்டுக்குப் பக்கத்திலேயே புது விரிசல். அதனால்தான் ஒட்டு எவ்வளவு வழவழப்பாக விழுந்திருக்கிறது என்பதை வைத்து நான் இந்த வேலையை மதிப்பிடுவதில்லை. எப்படிச் சூடேற்றினார், எப்படி ஆறவிட்டார் என்றுதான் பார்ப்பேன்.

பெரியவர் கிரைண்டரைத் தொடவில்லை. அது கரியை உடைந்த முகமெங்கும் தேய்த்துப் பூசிவிடும், பிறகு உருக்கி வைக்கிற பித்தளை ஒட்டாது என்றார். அரத்தால் ராவி, இரு பக்கமும் சரிவாக்கினார். நடுவில் மட்டும் பழைய உடைவை ஒரு கோடுபோல் விட்டுவைத்தார். துண்டு தன் பழைய இடத்தில் சொருகி உட்கார அந்தச் சொரசொரப்புதான் சாட்சி. பல வருஷம் எண்ணெய் குடித்த இரும்பு அது. முதலில் சூடுகாட்டி அந்த எண்ணெயைப் புகையவிட்டார். போல்ட் ஓட்டை அடைந்துவிடக் கூடாதென்று, தீர்ந்துபோன டார்ச் பேட்டரியைப் பிளந்து, உள்ளிருந்த கரிக்குச்சியை அதில் நட்டார். கரியில் பித்தளை ஒட்டாது!

பிறகு சுற்றிலும் அடுப்புக்கரி மூட்டி, பரவலாகச் சூடேற்றினார். வெங்காரப் பொடி தூவி, கேஸ் வெல்டிங் சுடரில் பித்தளைக் கம்பியை உருக்கினார். நம் பொற்கொல்லர்கள் பொடி வைத்து ஊதுகிற அதே வெங்காரம்தான். பித்தளை 900 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகி ஓடும். வார்ப்பிரும்பு உருக 1,150 தாண்ட வேண்டும். இரும்பு உருகாமலே ஒட்டு பிடித்துவிடுகிறது. காதைப் போன்ற இடத்துக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

சிலிண்டர் சுவரில் விரிசல் என்றால் நெருப்பைக் கிட்டே கொண்டுவராமலிருப்பதே நல்லது. விரிசல் நெடுக ஓட்டை போட்டு, மரையிட்டு, ஒன்றையொன்று கவ்வும்படி திருகுகளை இறக்கித் தைப்பார்கள். 1930களில் அமெரிக்க எண்ணெய் வயல்களில், தீப்பொறி ஆகாத இடங்களில் வளர்ந்த தையல் இது. அதற்கும் முன்னால், முதல் உலகப் போரின்போது, 1917-இல், அமெரிக்கத் துறைமுகங்களில் நின்ற ஜெர்மன் கப்பல்களின் என்ஜின்களை, அமெரிக்கர்களுக்குப் பயன்படக் கூடாதென்று அவற்றின் மாலுமிகளே உடைத்துவைத்தார்கள். அமெரிக்கர்களுக்குப் புது சிலிண்டர் வார்க்க நேரமில்லை. வேறு வழியின்றி மின்சார வெல்டிங்கால் ஒட்டுப்போட்டுத்தான் அந்தக் கப்பல்களைக் கடலுக்கு அனுப்பினார்கள்.

அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. கையிலிருக்கிற பிளாக்கைக் காப்பாற்றத் தெரிந்த கைகள் நமக்கு வேண்டும். இந்தப் பெரியவர் பக்கத்தில் ஒரு பையனாவது நின்று பழக வேண்டுமே என்று எனக்குப் பட்டது.

பித்தளை படிந்ததும் பிளாக்கைச் சாம்பலால் மூடி, மேலே சாக்கைப் போர்த்தினார். கார்க்காரர் எத்தனை கெஞ்சியும் அன்று திறக்கவில்லை. மறுநாள் காலை சாம்பலைக் கிளறியபோதும் இரும்பில் இளஞ்சூடு இருந்தது. கரிக்குச்சியைக் குடைந்தெடுத்து, ஓட்டையைப் பெரிதாக்கி, உள்ளே இரண்டரை நூல் மரை வெட்டிய புஷ் ஒன்றை முறுக்கி இறக்கினார். போல்ட்டை எடுத்து எண்ணெய் தொட்டு, இரண்டு விரலாலேயே கடைசி மரை வரை ஓட்டிப் பார்த்தார். அதன் பிறகுதான் ஸ்பேனரைக் கேட்டு வாங்கினார்.