மடியும் சிறுதேரும்



தமிழ்ப் புலவர்கள் குழந்தைப் பருவத்தைப் பத்தாக வகுத்தார்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் ஏழும் இருபாலாருக்கும் பொது. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் அதன்பின் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்னும் மூன்றும் வரும். மூன்றாம் மாதத்தில் காப்பு, ஐந்தாம் மாதத்தில் செங்கீரை என்று இரண்டு மாதத்துக்கு ஒரு பருவமாக எண்ணும் கணக்கொன்று உண்டு. அக்கணக்கின்படி சிறுதேருக்கு வந்து சேரும்போது பிள்ளைக்கு 21 மாதம். தலையெடுக்கும் பிள்ளைக்கு ஒரு பாட்டு, கைகொட்டும் பிள்ளைக்கு ஒரு பாட்டு, நடந்து வரும் பிள்ளைக்கு வேறொரு பாட்டு. பாடுவதற்கே இவ்வளவு கணக்கு வேண்டியிருந்தது என்றால், பிள்ளையை ஏற்றிச் செல்வதற்கு எவ்வளவு வேண்டும்? முதற் குழந்தைக்குத் தள்ளுவண்டியும் கார் ஆசனமும் தெரிவு செய்வது பற்றியே இன்று பேசப் போகிறேன்.

இலக்கிய நிகழ்ச்சியில் இது என்ன கடைச் சமாசாரம் என்று சிலர் நினைக்கலாம். வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றின் நான்காம் மாடியில் வசிக்கும் என் தம்பியின் மகள், தலைப்பிள்ளைக்குக் காத்திருந்த நாளில் என்னிடம் கேட்டாள்: "பெரியப்பா, இரண்டுக்கும் காசு காணாது. எதை முதலில வாங்கிறது?" நாற்பது ஆண்டு தமிழ் படிப்பித்தவனிடம் இதைக் கேட்கிறாளே என்று எண்ணினேன். ஆனால் யோசிக்க யோசிக்க, நம்முடைய இலக்கியம் இதில் சொல்வதற்குச் சில விடயங்கள் வைத்திருப்பது தெரிந்தது.

பழைய தமிழில் பிள்ளைகளுக்குத் தேர் உண்டு. பெரும்பாணாற்றுப்படையிலே தச்சர் செய்து கொடுத்த சிறு தேரைச் சிறுவர்கள் உருட்டித் திரிந்து, களைத்துப் போய்ப் பால் குடித்து உறங்குகிறார்கள். அந்தத் தேரை ஏறிச் செலுத்த முடியாத தேர் என்று புலவர் குறித்துச் சொல்வது கவனிக்கத் தக்கது. பட்டினப்பாலையிலே உலர்ந்த தானியத்தைக் கொத்த வந்த கோழிக்கு ஒரு பெண் தன் பொற்குழையைக் கழற்றி எறிகிறாள். அது மூன்று காற் சிறுதேரின் வழியை மறித்துக்கொண்டு கிடக்கிறது. இவையெல்லாம் பிள்ளை தள்ளும் தேர்கள். பிள்ளையைத் தள்ளும் தேரல்ல. பிள்ளை ஏறிச் செல்லும் ஊர்தி அன்னையின் இடுப்பு. அது உறங்கும் இடம் தொட்டில் அல்லது ஏணை. மற்ற எல்லாவற்றுக்கும் மடி. 'மடி' என்ற சொல்லைச் சொன்னாலே நமக்கு மனம் குழைவது அதனால்தான்.

பிள்ளை ஏறும் வண்டி மேற்கிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் 1733 ஆம் ஆண்டளவில் வில்லியம் கென்ட் என்ற கலைஞர் டெவன்ஷயர் கோமகனின் பிள்ளைகளுக்காகச் சிப்பி வடிவில் ஒரு வண்டி செய்தார். அதை இழுத்தது ஆடு அல்லது மட்டக்குதிரை. பின்னர் ஆயாக்கள் தள்ளும் பெரிய வண்டிகள் வந்தன. நம் காலிமுகத்திடலின் நடைபாதையை 1859 இல் முடித்த தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட், கொழும்பின் சீமாட்டிகளினதும் குழந்தைகளினதும் நலனுக்காக அதைப் பேணும்படி தமக்குப் பின் வருவோரைக் கல்லில் எழுதிக் கேட்டுக்கொண்டார். இன்றைக்கும் கொழும்பில் தள்ளுவண்டி தடையின்றி உருளக்கூடிய இடங்களில் அந்தத் திடலும் ஒன்று.

இன்று நாம் காணும் மடிக்கும் வண்டிக்குக் காரணமானவர் ஓவன் மக்லாரன். இரண்டாம் உலகப் போரில் பறந்த ஸ்பிற்பயர் விமானத்தின் சக்கரத் தாங்கியை வடிவமைத்த பொறியியலாளர். அவருடைய மகள் பேரப்பிள்ளையோடு மொஸ்கோவிலிருந்து வந்தபோது, பாரமான வண்டியோடு பட்ட பாட்டைக் கண்டு, 1965 இல் அலுமினியத்தால் குடைபோல் மடியும் வண்டியை உருவாக்கினார். அதன் நிறை மூன்று கிலோவுக்கும் குறைவு. விமானத்தின் காலை மடக்கத் தெரிந்தவருக்குப் பிள்ளை வண்டியை மடக்குவது பெரிய காரியமல்ல.

இனி வெள்ளவத்தைக்கு வருவோம். காலி வீதியின் நடைபாதையில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். பழக்கூடை, புடைவைக் கடையின் படி, நிறுத்திய மோட்டார் சைக்கிள், உயர்ந்தும் தாழ்ந்தும் செல்லும் கல். கொட்டாஞ்சேனையின் ஜம்பட்டா வீதியிலும் இதே கதைதான். அகன்ற வண்டி அங்கே ஒரு கடைக்கு மறு கடை போகாது. மாலையில் மெரைன் டிரைவில் கடற்காற்று வாங்கத்தான் அது பயன்படும். ஆகவே மகளுக்கு நான் சொன்னவை இவை: தொடர்மாடி மின்தூக்கியின் வாயிலை முதலில் அளந்து கொள். மின்சாரம் நின்ற நாளில் ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் வண்டியுமாக நான்கு மாடி ஏற முடியுமா என்று பார். ஒரு கையால் மடிகிறதா என்று கடையிலேயே மடித்துப் பார். பிறந்த பிள்ளைக்குக் கழுத்து நிற்காது. முதுகு முழுவதும் மட்டமாகச் சாயும் வண்டியே அதற்கு ஆகும். குடைபோல் மடியும் மெல்லிய வண்டி, பிள்ளை தானாக இருக்கத் தொடங்கிய பின்னர்தான். தோள், இடுப்பு, கால்களுக்கிடை என ஐந்து இடத்தில் பிணைக்கும் பட்டி இருக்க வேண்டும். தடுப்பைக் காலால் அழுத்திப் பார். செட்டியார் தெருவிலிருந்து காலி வீதி வழியே வரும் ஆடிவேல் தேரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இழுப்பதைவிட நிறுத்துவதுதான் பெரிய வேலை. வெயிலுக்கென்று வண்டியைத் துணியால் மூடிவிடவும் கூடாது. உள்ளே காற்று நின்று, நம் வெக்கையில் அடுப்பங்கரை போலாகிவிடும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, "முதலில் இதை வாங்காதே" என்றும் சொன்னேன். தள்ளுவண்டி இல்லாவிட்டால் கை நோகும், அவ்வளவுதான். கார் ஆசனம் அப்படியல்ல. அவர்களிடம் பழைய ஜப்பானியக் கார் ஒன்று இருக்கிறது. மருமகனின் தாயார் கொட்டாஞ்சேனையில் இருப்பதால் கிழமைக்கு ஒரு முறையாவது அங்கே போய் வருவார்கள். வழி பத்துக் கிலோமீற்றர் அளவுதான்.

அந்த அம்மையார் இதை ஒப்பவில்லை. "மாஸ்டர், நாலு பிள்ளையளை இந்த மடியில வைச்சுத்தான் வளர்த்தனான். ஒண்டும் விழேல்லை. மடி இருக்கேக்க பிளாஸ்ரிக் கதிரை ஏன்?" என்றார்.

அவர் சொன்னதில் பொய்யில்லை. அந்த மடியை நான் மதிக்கிறேன். ஆனால் கணக்கு வேறு விதமாக இருக்கிறது. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் கார் எதிலாவது மோதி, முன்புறம் அரை மீற்றர் நசுங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணத்தில் நான்கு கிலோப் பிள்ளையைப் பிடித்து நிறுத்த, ஏறக்குறைய 80 கிலோவைத் தூக்கும் பலம் வேண்டும். 50 கிலோ அரிசி மூடை ஒன்றரை, கண்ணிமைக்கும் முன் கையிலே வந்து விழுகிறது. எந்தத் தாயால் பிடிக்க முடியும்? தாய்க்குப் பாசம் குறைந்து அல்ல, மனிதக் கைக்கு அந்த வலு இல்லை.

"அக்கா, பிள்ளை மடியிலிருந்து விழாது. மடியையும் மீறிப் பறக்கும்" என்று சொன்னேன். அவர் பதில் பேசவில்லை.

இந்த வாதம் நம் வீட்டில் மட்டும் நடந்ததன்று. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் றொபேட் சாண்டர்ஸ் என்ற குழந்தை மருத்துவர் பாடுபட்டு, பிள்ளைகளுக்குக் கார் ஆசனத்தைக் கட்டாயமாக்கும் சட்டத்தைக் கொண்டுவரச் செய்தார். 1978 இல் நடைமுறைக்கு வந்த அச்சட்டமே அந்நாட்டில் முதலாவது. ஆனால் சட்டசபையினர் அதில் ஒரு விலக்கைச் சேர்த்துவிட்டார்கள்: பெரியவர் ஒருவர் கையில் பிள்ளையை வைத்திருந்தால் ஆசனம் வேண்டியதில்லை என்று. மடியின் மேல் நமக்குள்ள நம்பிக்கை அவர்களுக்கும் இருந்தது. சாண்டர்ஸ் விடவில்லை. 1981 இல் அந்த விலக்கு நீக்கப்பட்டது.

இதற்கு முன்னரே சுவீடனில் பேர்ட்டில் ஆல்ட்மன் என்ற மருத்துவ அறிஞர், விண்வெளி வீரர்கள் புறப்படும்போது முதுகு முழுவதும் தாங்கப்படச் சாய்ந்திருக்கும் நிலையைக் கண்டு, பிள்ளையைக் காரின் பின்புறம் நோக்கி இருத்தும் ஆசனத்தை எண்ணினார். 1964 இல் வொல்வோ நிறுவனம் அத்தகைய ஆசனத்தைச் சோதித்தது. பிறந்த பிள்ளையின் உயரத்தில் காற்பங்கு தலை. அதைத் தாங்கும் கழுத்தோ வாழைக் குருத்து. முன்னோக்கி இருத்தினால் மோதலின்போது அந்தப் பாரமான தலை கழுத்தை இழுத்துக்கொண்டு பாயும். பின்னோக்கி இருத்தினால் அதிர்ச்சி முதுகெங்கும் பரந்து போகும். ஆசனம் சரியாகப் பயன்பட்டால் கைக்குழந்தைகளின் வீதி மரணம் எழுபது வீதமளவில் குறையும் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

ஆசனம் வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில. ஐரோப்பிய நியமமான ஆர் 44 அல்லது புதிய ஆர் 129 என்ற செம்மஞ்சள் நிற அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். 2013 இல் வந்த ஆர் 129 நியமம், நிறையை அன்றி உயரத்தைக் கொண்டு ஆசனத்தை வகுக்கிறது. 15 மாதம் வரையாவது பிள்ளை பின்னோக்கியே இருக்க வேண்டும் என்கிறது. பின்னாசனத்தில் பொருத்துவதே நல்லது. காற்றுப்பை இயங்கும் முன்னாசனத்தில் பின்னோக்கிய ஆசனத்தை ஒருபோதும் வைக்கக் கூடாது. விரியும் பை பிள்ளையின் தலைக்குப் பின்னால் அறையும். பட்டியை இறுக்கிய பின் தோளருகே அதைக் கிள்ளிப் பிடிக்க முடியாதிருந்தால் சரியான இறுக்கம். காரைவிட்டு இறங்கியதும் பிள்ளையையும் அதிலிருந்து எடுத்துவிட வேண்டும். அது உறங்கும் தொட்டிலன்று; சாய்ந்த நிலையில் நெடுநேரம் கிடந்தால் பச்சைப் பிள்ளைக்கு மூச்சுத் திணறலாம்.

பெரியாழ்வார் பாடலிலே பிரமன் மாணிக்கத் தொட்டில் அனுப்புகிறான், இந்திரன் கிண்கிணி அனுப்புகிறான். நம் பிள்ளைகளுக்கு ரொறன்ரோவிலும் லண்டனிலும் உள்ள உறவினர்கள் அனுப்புகிறார்கள். தங்கள் பிள்ளை பாவித்து முடித்த வண்டி வந்தால் கழுவித் துடைத்துப் பாவிக்கலாம். பழைய ஆசனம் வந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள்: இது மோதலுக்குள்ளான காரில் இருந்ததா? எந்த ஆண்டு செய்தது? மோதலைக் கண்ட ஆசனமும் காலம் கடந்த பிளாஸ்ரிக்கும் பார்வைக்கு நன்றாக இருக்கும், காப்பாற்றாது.

கார் இல்லாதவர்கள் என்ன செய்வது? முச்சக்கர வண்டியில் ஆசனத்தைப் பிணைக்கப் பட்டி கிடையாது. அதில் கொண்டுபோய் வைத்தால் பாதுகாப்பு என்ற எண்ணம் மட்டுமே மிஞ்சும். அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, ஆசனப்பட்டியுள்ள காரைப் பிடிக்க முடிந்த நாளில், முக்கியமாக வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பும் நாளில், ஓர் ஆசனத்தை இரவல் வாங்கியாவது அதில் போங்கள் என்பதே.

இன்னுமொரு தடை இருந்தது. பிறக்குமுன் பிள்ளைக்குப் பொருள் வாங்கி வீட்டில் சேர்ப்பதில்லை என்பது நம் பல குடும்பங்களின் வழக்கம். எத்தனையோ பிள்ளைகளைப் பறிகொடுத்த தலைமுறைகளின் அச்சம் அது, கேலி செய்வதற்குரியதன்று. ஆனால் ஆசனம் வேண்டியிருப்பது பிள்ளை வீட்டுக்கு வரும் முதல் நாளிலேயே. வழி கண்டுபிடித்தவர் கொட்டாஞ்சேனை அம்மையார்தான். "காரைக் கடைக்குக் கொண்டுபோய்ப் பூட்டிப் பாருங்கோ. காசைக் கட்டிப்போட்டு சாமானை அங்கேயே விடுங்கோ. பிள்ளை பிறந்த பிறகு எடுக்கலாம்" என்றார். வழக்கமும் நின்றது, காரியமும் நடந்தது. மரபு என்பது இப்படித்தான் பிழைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். முறித்தும் அல்ல, முரண்டு பிடித்தும் அல்ல.

பெண் குழந்தை பிறந்தாள். வீட்டுக்கு வந்த அன்று பின்னாசனத்தில் அவள் பின்னோக்கிக் கிடக்க, அருகே தம் பட்டியையும் பூட்டிக்கொண்டு அப்பம்மா இருந்தார். வழி முழுவதும் அவருடைய சுண்டுவிரல் பிள்ளையின் பிடிக்குள் இருந்தது. கார் நின்றதும் பட்டியைக் கழற்றி முதலில் தூக்கியவரும் அவரே. ஓடும் வண்டியில் பிள்ளையை ஆசனத்திடம் விடுவோம். வண்டி நின்ற பிறகு உள்ள வாழ்க்கை முழுவதற்கும் மடி இருக்கிறது.