இருளில் தளிர்க்கும் இலை



பத்தாம் ஆண்டு நிறைவு காணும் இம்மன்றத்தில் கவிதை பற்றி உரையாற்றப் பணித்தீர்கள். கேமராவின் வழியே அதனை அணுக விழைகிறேன்.

'டபுள் எக்ஸ்போஷர்' எனப் புகைப்படக் கலைஞர் வழங்குவது, படச்சுருளின் ஒரே கட்டத்தில் இரு காட்சிகளை அடுத்தடுத்துப் பதிப்பதாகும். சுருளை நகர்த்தாமல் ஷட்டரை மட்டும் மீண்டும் ஆயத்தம் செய்வர். 2012இல் வெளிவந்த கேனான் 5டி மார்க் 3 போன்ற டிஜிட்டல் கேமராக்களிலும் இவ்வசதி உண்டு.

இதற்குக் கதிரொளியே போதும். ஒருவரை வெளிர்வானத்தின் முன் நிறுத்தி, வானத்தின் ஒளிக்கு ஏற்ப அளவு வைத்தால் முகம் இருண்ட நிழலுருவாகும். வானம் விழுந்த இடம் ஒளியால் நிறைந்துவிடுகிறது. முகம் விழுந்த இடமோ ஏறத்தாழ வெறுமையாய் இருக்கிறது. பின்னர், வெயில் படிந்த வேப்பங்கிளையை அதே கட்டத்தில் எடுக்கிறோம். நிறைந்த இடத்தில் இலை தெரிவதில்லை. இருண்ட இடத்திலேயே தளிர்க்கிறது. முகத்தின் எல்லைக்குள் மரம் நிற்கிறது.

நிழலுருவை விடுத்து, இரு காட்சிகளையும் முழுமையாக ஒன்றன்மேல் ஒன்று படியவைப்பதாயின், ஒவ்வொன்றுக்கும் பாதி ஒளியே தரவேண்டும். 1/125 நொடி வேண்டிய இடத்தில் 1/250 நொடி. இரண்டும் முழு உரிமை கேட்டால் படம் வெளுத்துப் போகும்.

காளமேகத்தின் சிலேடை இதற்கு உறவெனத் தோன்றலாம். பாம்பும் எள்ளும் ஒரே வெண்பாவில் சமபங்கு பெறுகின்றன. அது இரண்டாவது முறையை ஒத்தது. நிழலுரு முறைக்கு நெருங்கியது, தொல்காப்பியர் கூறும் உள்ளுறை உவமமே. தெய்வம் ஒழிந்த கருப்பொருள்கள் அங்கே பேசுகின்றன. மாந்தரின் நெஞ்சம் வாய்திறவாமல் எல்லைக்கோடாய் நிற்கிறது. ஒன்று மௌனம் கொண்டால்தான் மற்றொன்றுக்கு இடம் கிடைக்கிறது. அனைத்தையும் தாமே சொல்லிவிடும் கவிதை, வெளுத்துப்போன படம்.

அமெரிக்கக் கலைஞர் ஹாரி காலஹான், 1958இல் பிரான்சு நாட்டில் தம் மனைவி எலனாரின் உருவத்தையும் நிலக்காட்சியையும் இவ்வாறு ஒன்றாக்கினார். அதில் ஏமாற்று இல்லை. இரண்டும் அவர் கண்டவை.

இதே நுட்பத்திற்கு இன்னொரு முகமும் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் உற்றாரை இழந்தோர் பலர் வாழ்ந்த 1860களில், வில்லியம் மம்லர் என்பவர், இறந்தோரின் ஆவி அருகில் நிற்பதாகக் காட்டும் படங்களை விற்றார். 1869இல் நியூயார்க்கில் வழக்குத் தொடரப்பட்டது. இரட்டைப் பதிவே என்று ஐயுற்றோர் சாட்சி சொல்லியும், போதிய சான்று இல்லையென்று விடுவிக்கப்பட்டார். பின்னர், லிங்கனின் துணைவியாரும் அவர்முன் அமர்ந்தார். கணவரின் மங்கலான உருவம் அவர் தோள்மேல் கைவைத்திருப்பதாய் அப்படம் காட்டியது.

கருவியும் ஒளியும் இருவர்க்கும் பொது. ஒருவர் கண்டதைக் கண்டதோடு இணைத்தார். மற்றவர் துயருற்றோர் காண விரும்பியதை விலைக்குப் படியவைத்தார். இரங்கற்பா இயற்றும் நமக்கும் இவ்விரு வழிகளும் திறந்தே உள்ளன. ஒரு முகத்தின் மேல் ஓர் உவமையை வைக்குமுன், அதனை நாம் மெய்யாகவே கண்டோமா என்று நம் நெஞ்சைக் கேட்போமாக.